திரும்பி வரும் நாயகனும் பட்டத்தை ஏற்ற துணைவீரனும்: வால்லி வெஸ்ட் விஷயத்தில் நடந்தது சரியா?

செம்மின்னல்:

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் யாரும் நிரந்தரமாக இறப்பதில்லை என்பதை இங்குள்ள எல்லோரும் என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். அதற்கு இன்னோர் இழை தேவையில்லை. நான் பேச விரும்புவது அதற்கு அடுத்த கட்டம். இறந்துபோன நாயகன் திரும்பி வருகிறான். இடைப்பட்ட ஆண்டுகளில் அவனுடைய பெயரையும் உடையையும் ஏற்று, தட்டுத்தடுமாறி, ஒருவழியாக ஆளாகிவிட்ட துணைவீரன் எதிரே நிற்கிறான். இப்போது இவனை என்ன செய்வது? மார்வல், டிசி என்ற இரு பெரிய பதிப்பகங்களும் இந்தக் கட்டத்துக்குப் பலமுறை வந்திருக்கின்றன, பெரும்பாலும் சொதப்பியும் இருக்கின்றன என்பது என் கருத்து.

வால்லி வெஸ்டை எடுத்துக்கொள்கிறேன். மின்னல் வேகத்தில் ஓடும் ஃப்ளாஷ் என்ற நாயகன் பேரி ஆலன். அவருடைய காதலி ஐரிஸின் சகோதரன் மகன்தான் வால்லி. 1959-ஆம் ஆண்டின் இறுதியில் ஃப்ளாஷ் 110-ஆம் இதழில் பேரியின் துணைவீரன் கிட் ஃப்ளாஷாக அறிமுகமானான். 1985-இல் கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ் தொடரின் எட்டாம் இதழில் பேரி உலகத்தைக் காப்பாற்றி உயிர்விட, அதே தொடரின் கடைசி இதழில் வால்லி அந்தச் சிவப்பு உடையை அணிந்துகொண்டான். 1987-இல் அவனை நாயகனாக வைத்துத் தொடங்கிய தொடரின் முதல் இதழை வாசித்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. மாற்று அறுவை சிகிச்சைக்கான இதயம் ஒன்றைத் தொலைதூர நகரத்துக்கு ஓடிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இருபது வயது வால்லி அதற்குப் பதிலாகத் தனக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்கிறான். பேரி ஆலனின் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வருமா? ஒலியின் வேகத்தை எட்டுவதற்கே திணறுகிற, ஓடி முடித்ததும் பசியில் துவண்டுபோகிற, கொஞ்சம் தற்பெருமையும் நிறையச் சபலமும் உள்ள ஓர் இளைஞனாகத்தான் அவனை முதலில் எழுதினார்கள். அவனை முழு நாயகனாக்க மைக் பேரன், மெஸ்னர்-லோப்ஸ், மார்க் வெயிட் என்று மூன்று எழுத்தாளர்கள் தேவைப்பட்டார்கள்.

அந்த வளர்ச்சி முற்றுப்பெற்ற இடம் 1993-இல் 74 முதல் 79 வரையான இதழ்களில் வந்த பேரி ஆலனின் மீள்வருகைக் கதை. கிறிஸ்துமஸ் இரவில் கதவு தட்டப்படுகிறது. வாசலில் பேரி நிற்கிறார். வால்லிக்கு ஆனந்தம். சில நாட்களிலேயே பேரியின் பேச்சு மாறுகிறது, ஒரே ஒரு ஃப்ளாஷ்தான் இருக்க முடியும் என்கிறார், கடைசியில் வால்லியைச் சாகவிட்டு ஓடுகிறார். வந்தவர் பேரியே அல்ல, முகத்தை மாற்றிக்கொண்ட எதிரி இயோபார்ட் என்று பின்னர் தெரியவருகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் திருப்பத்தைவிட அதற்குப் பிறகு வரும் பகுதி. வால்லி இத்தனை ஆண்டுகளாக பேரியின் வேகத்தை எட்டாமல் இருந்ததற்கு உடலில் கோளாறு எதுவும் காரணமில்லை. பேரிக்கு நிகராகிவிட்டால் பேரி உண்மையிலேயே போய்விட்டார் என்று பொருளாகிவிடுமே என்ற அச்சம்தான் அவன் காலைக் கட்டியிருந்தது. போலி ஒருவன் அந்தப் பெயரைக் களங்கப்படுத்தப் போகிறான் என்ற நிலையில்தான் அந்தக் கட்டு அவிழ்கிறது. அவன் முடிவெடுக்கிறான், ஓடுகிறான், பேரியின் வேகத்தைத் தொடுகிறான்.

இனி உண்மையான மீள்வருகைக்கு வருவோம். 2008-இல் ஃபைனல் கிரைசிஸ் வழியாக பேரி நிஜமாகவே திரும்பினார். 2009-இல் ஜெஃப் ஜான்ஸ் எழுத, ஈதன் வான் ஸ்கைவர் வரைந்த ஃப்ளாஷ்: ரீபர்த் வந்தது. அதில் வால்லிக்குக் கிடைத்தவை சற்றே மாறிய உடையும், எல்லோருமே ஃப்ளாஷ்தான் என்ற ஆறுதலும். அடுத்து தொடங்கிய மாத இதழில் அவனுக்கு இடமில்லை. 2011-இல் ஃப்ளாஷ்பாயிண்ட் கதைக்குப் பிறகு டிசி தன் இதழ்களை எல்லாம் முதல் எண்ணிலிருந்து மறுதொடக்கம் செய்த நியூ 52-இல் அவன் இருந்த சுவடே இல்லை. 1993-இல் போலி பேரி வந்தபோது கதை வால்லியிடம் கேள்வி கேட்டது. 2009-இல் அசல் பேரி வந்தபோது எதுவும் கேட்காமல் அவனை ஓரமாக நகர்த்தி உட்கார வைத்துவிட்டது. என் மனக்குறை இதுதான். நாயகன் திரும்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை. திரும்பும்போது, பட்டத்தைச் சுமந்தவன் தானாக ஒரு முடிவுக்கு வரும் காட்சியைக் கதை அவனுக்குத் தர வேண்டும் என்கிறேன்.

கோத்தம்வாசி:

செம்மின்னல், வால்லியின் விஷயத்தில் உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அதையே பொதுவிதியாக்கிவிட முடியாது. டிக் கிரேசனைப் பாருங்கள். 1940 முதல் பேட்மேனின் துணைவீரன் ராபின், 1984-இல் தானாகவே அந்தப் பெயரை விட்டு நைட்விங் ஆனவன். 2009-இல் பேட்மேனான புரூஸ் வெய்ன் இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பியபோது அவன் பேட்மேன் உடையை அணிந்தது ஆசைப்பட்டு அல்ல. வேறு ஆள் இல்லாததால். மோரிசனும் குவைட்லியும் செய்த பேட்மேன் அண்ட் ராபின் இரண்டாம் இதழில் டிக் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரடிடம் தன் தயக்கத்தைக் கொட்டுகிற இடத்தை எடுத்து வாசியுங்கள். இதை நினைவுச்சின்னமாகக் கருதாதே, பெரிய நடிகர்கள் ஒரு புகழ்பெற்ற பாத்திரத்தை ஏற்பதைப் போல ஏற்று உன் வழியில் நடித்துக் காட்டு என்ற பொருளில் ஆல்ஃபிரட் பேசுகிறார். சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்தவனுக்குச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை கிடையாது.

ஆகவே புரூஸ் 2010-இல் திரும்பியபோது டிக் எதையும் இழக்கவில்லை. புரூஸ் உலகம் முழுவதும் பேட்மேன்களை உருவாக்கும் பேட்மேன் இன்கார்ப்பரேட்டட் வேலைக்குப் போக, கோத்தம் நகரம் டிக்கின் பொறுப்பில் தொடர்ந்தது. அந்த ஓராண்டில்தான் ஸ்காட் ஸ்னைடர் டிடெக்டிவ் காமிக்ஸில் பிளாக் மிரர் கதையை எழுதினார். என்னைக் கேட்டால் அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த பேட்மேன் கதை புரூஸ் இல்லாத பேட்மேன் கதைதான். 2011 செப்டம்பரில் நியூ 52 வந்து எல்லாவற்றையும் கலைத்தபோது டிக் மறுபடி நைட்விங் ஆனான். அதில் அவமானம் எதுவும் இல்லை. திரும்பிப் போவதற்கு அவனிடம் தானே சம்பாதித்த பெயர் ஒன்று இருந்தது.

வால்லியிடம் அது இல்லை என்பதுதான் சிக்கலின் வேர். அவன் வாழ்நாளில் இரண்டே பெயர்கள்: கிட் ஃப்ளாஷ், ஃப்ளாஷ். முதலாவது 2003-இலேயே பேரியின் பேரன் பார்ட் ஆலனிடம் போய்விட்டது; இரண்டாவதை 2009-இல் பேரி கேட்டார். பட்டத்தை ஏற்பதற்கு முன் துணைவீரனுக்கு மூன்றாவதாக ஒரு பெயரைத் தராமல் விட்ட பிழை 1985-ஆம் ஆண்டுக்கு உரியது. அதை 2009-இன் தலையில் கட்டக் கூடாது.

செம்மின்னல்:

மூன்றாவது பெயர் என்ற கருத்து எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் டிக் எதையும் இழக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நைட்ஃபால் கதையை மறந்துவிட்டீர்களா? 1993-இல் பேன் என்ற வில்லன் புரூஸின் முதுகெலும்பை முறித்தபோது புரூஸ் பேட்மேன் உடையைக் கொடுத்தது அன்றுவரை அவருடன் நெடுங்காலம் பழகியிராத ஜான்-பால் வேலிக்கு. அவன் உடையையும் முறைகளையும் கொடூரமாக்கி ஊரைக் கலங்கடித்து, 1994-இல் புரூஸ் மீண்டு வந்து அதைப் பிடுங்கிய பிறகுதான் சிறிது காலத்துக்கு டிக்கிடம் ஒப்படைத்தார். முதலிலேயே என்னை ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி அந்த பிராடிகல் கதை முழுவதும் புகைந்து, கடைசியில் இருவரும் நேருக்கு நேர் பேசுகிற இடத்தில்தான் வெடிக்கிறது. ஓர் உடையைக் கொடுக்காததே அவ்வளவு வலித்தது என்றால், 2011-இல் கொடுத்த உடையைக் காரணம் சொல்லாமல் கழற்றியது மட்டும் வலித்திருக்காதா? நியூ 52-இல் அதற்கு ஒரு காட்சிகூடத் தரவில்லை. இதழின் எண் ஒன்று என்று மாறியது, உடை மாறியிருந்தது, அவ்வளவுதான்.

திண்ணைவாசகன்:

இந்த விவாதத்தை வாசிக்கும்போது பாதுகையை அரியணையில் வைத்து ஆண்ட பரதன்தான் நினைவுக்கு வருகிறான். நாம் எல்லோரும் துணைவீரனை வாரிசு என்று எடுத்துக்கொண்டு பேசுகிறோம். பதிப்பகத்தின் கணக்கில் அவன் எப்போதுமே பரதன்தான். உரியவர் வரும்வரை இடத்தைக் காத்துக்கொண்டிருப்பவன். பரதன் அரியணையில் அமரவே இல்லை என்பதால் அண்ணன் வந்தபோது அவனுக்கு இழப்பு இல்லை. பெருமகிழ்ச்சிதான். வால்லியையும் அப்படிப் பார்த்தால் என்ன? 1993 கதையிலேயே பேரியைக் கண்டதும் அவன் முதலில் மகிழத்தானே செய்தான்?

செம்மின்னல்:

ஐயா, பரதனுக்குப் பதினான்கு ஆண்டுகள் என்ற கெடு தெரியும். கெடு தவறினால் தீயில் இறங்குவேன் என்று சொல்லும் அளவுக்குத் தெரியும். தான் காவலாள் என்பதில் அவனுக்கு ஐயமே இருந்ததில்லை. வால்லிக்கு அப்படி எந்தக் கெடுவும் சொல்லப்படவில்லை. சொல்லப்போனால் எழுத்தாளர்களுக்கே தெரியாது. பேரியின் மரணம் மாறவே மாறாத மரணம் என்று 23 ஆண்டுகள் வாசகரை நம்பவைத்தார்கள். அந்த நம்பிக்கையில் வால்லிக்குத் திருமணம் செய்தார்கள், இரட்டைக் குழந்தைகளைத் தந்தார்கள். அவன் பெயரில் ஓடிய தொடர் 247 இதழ்கள் வந்தது. காவலாளுக்கு யாரும் இவ்வளவு வீடு கட்டிக் கொடுப்பதில்லை. வாரிசு என்று சொல்லி வளர்த்துவிட்டுக் கடைசி நாளில் நீ காவலாள்தான் என்று சொன்னதைத்தான் தவறு என்கிறேன்.

முதுகேடயன்:

இரு தரப்பும் டிசியைச் சுற்றியே நிற்பதால் மார்வல் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கும் காட்சி, அதாவது பட்டம் யாருக்கு என்பதை இருவரும் பேசி முடிவெடுக்கும் காட்சி, ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, அதுவும் நன்றாக. 2007-இல் கேப்டன் அமெரிக்கா 25-ஆம் இதழில் ஸ்டீவ் ரோஜர்ஸ் நீதிமன்றப் படிக்கட்டில் சுடப்பட்டு இறந்தார். எழுத்தாளர் எட் புரூபேக்கர் ஓராண்டு அவசரப்படாமல் காத்திருந்து, 2008-இல் 34-ஆம் இதழில் பக்கி பார்ன்ஸின் கையில் கேடயத்தைக் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் ஸ்டீவின் துணைவீரன். பின்னர் சோவியத் கொலையாளியாக மூளைச்சலவை செய்யப்பட்டு வின்டர் சோல்ஜர் ஆனவன். அவன் அலெக்ஸ் ராஸ் வடிவமைத்த உடையில், இடுப்பில் கைத்துப்பாக்கியோடு நின்ற கோலம் பல வாசகர்களுக்கு ஆரம்பத்தில் எரிச்சலூட்டியது. கேப்டன் அமெரிக்கா துப்பாக்கி ஏந்தலாமா என்ற கேள்வி அடுத்தடுத்த இதழ்களிலும் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கி ஸ்டீவாக மாற முயலவில்லை. செய்த பாவங்களுக்குக் கழுவாயாக அந்தக் கேடயத்தைச் சுமந்தான்.

ஸ்டீவ் 2009-2010 காலத்தில் ரீபார்ன் கதை வழியாகத் திரும்பினார். அதையடுத்து வந்த தனி இதழ் ஒன்றின் தலைப்பே கேடயத்தை ஏந்தப்போவது யார் என்பதுதான். பக்கி திருப்பிக் கொடுக்கத் தயாராக இருக்கிறான். அவன் சண்டையிடுவதைப் பார்த்த ஸ்டீவ், நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, உடையில்லாமல் நாட்டின் பாதுகாப்புத் தலைமைப் பொறுப்புக்குப் போகிறார். செம்மின்னல் கேட்கும் எல்லாமே அதில் இருக்கிறது.

கோத்தம்வாசி:

இருக்கிறது, ஒன்றரை ஆண்டுக்கு. 2011-இல் ஃபியர் இட்செல்ஃப் மூன்றாம் இதழில் பக்கி அடிபட்டு வீழ்கிறான். ஜூலையில் ஸ்டீவ் மறுபடி முகமூடி அணிந்த புதிய முதல் இதழ் கடைக்கு வருகிறது. அதே மாதம் 22-ஆம் தேதி கேப்டன் அமெரிக்கா திரைப்படம் வெளியாகிறது. அந்த நாட்காட்டிக்கு முன்னால் புரூபேக்கர் எழுதிய காட்சி என்ன செய்யும்?

முதுகேடயன்:

நாட்காட்டியை நான் மறுக்கவில்லை. புரூபேக்கர் அந்த நெருக்கடிக்குள்ளும் பக்கிக்கு ஒரு வழியை விட்டுவைத்தார் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறந்ததாக உலகம் நம்ப, பக்கி உயிர் பிழைத்து, 2012-இல் வின்டர் சோல்ஜர் என்ற பெயரிலேயே தனித்தொடர் பெற்றான். உங்கள் மூன்றாவது பெயர் வாதத்துக்கு இது வலுச்சேர்க்கிறது என்பதையும் கவனியுங்கள்.

சாம் வில்சன் விஷயம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. 1969-இல் ஃபால்கனாக அறிமுகமானவர்; துணைவீரன் என்று சொல்வதைவிடச் சம பங்காளி என்று சொல்வது சரி, ஏனென்றால் எழுபதுகளில் அட்டையிலேயே இருவர் பெயரும் இருந்தது. 2014-இல் ஸ்டீவ் முதுமையடைந்து வலுவிழந்தபோது, உயிரோடு இருக்கும்போதே, தன் கையால் கேடயத்தை சாமிடம் கொடுத்தார். இறந்தவரின் இடத்தை நிரப்பியதாக யாரும் சொல்ல முடியாது. முறைப்படி ஒப்படைக்கப்பட்ட பட்டம் அது. அப்படியிருந்தும் கதைக்குள் இருந்த அமெரிக்கா அவரை ஏற்க மறுத்தது. நிக் ஸ்பென்சர் 2015-இல் தொடங்கிய தொடரின் மையமே அந்த மறுப்புதான்: கறுப்பினத்தவர் ஒருவர் அந்த நட்சத்திரத்தை அணிந்து கருத்துச் சொன்னால் நாட்டின் பாதி அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது. 2016-இல் ஸ்டீவ் இளமை மீண்டார். இரண்டு கேப்டன்கள், இரண்டு தொடர்கள். இந்த ஸ்டீவ் ஹைட்ரா என்ற எதிரிக் கூட்டத்தின் ஆளாக மாற்றி எழுதப்பட்டவர். சாம் தானாகவே கேடயத்தைத் துறக்கும்படி மறைவில் காய் நகர்த்துகிறார். திரும்பி வந்த நாயகனே வாரிசைக் கவிழ்க்கும் சதிகாரன் என்ற அமைப்பு 1993-இன் போலி பேரியை நினைவூட்டவில்லையா? ஒரே வேறுபாடு, வால்லி அந்தச் சதியிலிருந்து வலுப்பெற்று வெளியே வந்தான். சாம் 2017-இல் களைத்துப்போய்க் கேடயத்தைக் கீழே வைத்தார். 2022-இல் இருவருக்கும் தனித்தனித் தொடர் கொடுத்து, இருவருமே கேப்டன் அமெரிக்கா என்று அறிவித்தார்கள். 2016-இலேயே அதை மனதாரச் செய்திருக்கலாம்.

நெறியாளர்:

திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடரிலும் சாம் கேடயத்தை ஏற்றது குறித்து வந்த பதிவுகளைத் திரைப்பிரிவுக்கு மாற்றியிருக்கிறேன். அவை நல்ல பதிவுகள்தான். இந்த இழை அச்சு இதழ்களோடு நிற்கட்டும்.

வெள்ளிக்காலவாசி:

பேரி ஆலனின் சார்பில் ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். 1956-இல் ஷோகேஸ் நான்காம் இதழில் பேரி ஓடத் தொடங்கியிராவிட்டால் சில்வர் ஏஜ் என்று நாம் அழைக்கும் சூப்பர் ஹீரோ மறுமலர்ச்சிக் காலமே வேறு மாதிரி இருந்திருக்கும். அவருடைய மீள்வருகையை வால்லிக்கு எதிரான சதிபோலப் பேசுவது நியாயமில்லை. அதைச் செய்த ஜெஃப் ஜான்ஸ், 2000 முதல் 2005 வரை வால்லியின் தொடரையே எழுதி, அவனுடைய எதிரிகளுக்கெல்லாம் உயிரூட்டியவர். ரீபர்த் கதையில் வால்லியின் குழந்தைகளுடைய உயிருக்கு உலைவைத்த, வேகவீரர்களுக்கு ஆற்றல் தரும் வேக சக்தியின் கோளாறு தீர்கிறது. மகள் ஐரிஸ் இம்பல்ஸ் என்ற பெயரை ஏற்றுப் புதிய வேகவீராங்கனை ஆகிறாள். அவனுக்கு எதுவுமே தரவில்லை என்பது சரியல்ல.

இன்னொன்றும் உண்டு. 1985-க்கு முந்தைய பேரி நல்லவர், நேர்மையானவர், கொஞ்சம் சுவையற்றவர். ஜான்ஸ் அவருக்குச் சிறுவயதில் கொல்லப்பட்ட தாயையும் சிறைக்குப் போன தந்தையையும் புதிதாக உருவாக்கித் தந்த பிறகுதான் அவரை இன்றைய வாசகர் நெருங்க முடிந்தது. 2014-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் முழுக்க அந்த அடித்தளத்தின் மேல்தான் நின்றது.

செம்மின்னல்:

நீங்கள் சொன்ன கடைசிச் செய்தியையே நான் எதிர்த்திசையில் வாசிக்கிறேன். திரும்பி வந்த பேரியை நாயகனாக நிறுத்துவதற்கு அவருக்குப் புதிய கடந்தகாலமே தைக்க வேண்டியிருந்தது. வால்லிக்கு அப்படி எதுவும் தேவைப்படவில்லை. 23 ஆண்டுகளாக அச்சில் அவனுக்கென்று சேர்ந்த கடந்தகாலம் கண்முன் இருந்தது. 2001-இல் தொடங்கிய ஜஸ்டிஸ் லீக் கார்ட்டூனில் குழந்தைகள் பார்த்த ஃப்ளாஷும் வால்லிதான். பொதுமக்களுக்கு பேரிதான் தெரியும் என்ற வாதம் 2008-இல் செல்லுபடியாகாது. 2014-க்குப் பிறகுதான் அது உண்மையாயிற்று.

மகளுக்கு வேகம் கிடைத்ததை வால்லிக்குக் கிடைத்ததாகக் கணக்கு வைக்கிறீர்கள். தந்தைக்கு அது நிறைவுதான். ஆனால் அந்த ஆறு இதழ்களில் வால்லி பேரியிடம் தன்னைப் பற்றி, தன் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்காட்டுங்கள்.

வில்லாளி இருவர்:

ஒரே பெயரில் இருவர் இருப்பது வாசகரைக் குழப்பும் என்பதுதான் பதிப்பாசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். ஹாக்ஐ விஷயத்தில் அது பொய்யாகிவிட்டதே. 2004-இல் ஹாக்ஐ என்ற வில்வீரர் கிளின்ட் பார்ட்டன் இறந்தார். 2006-இல் யங் அவெஞ்சர்ஸ் பன்னிரண்டாம் இதழில் கேப்டன் அமெரிக்கா அந்தப் பெயரை கேட் பிஷப்புக்குக் கொடுத்தார். கேட் அதுவரை கிளின்ட்டைச் சந்தித்ததில்லை, அவருடைய துணைவீரரும் அல்ல. அதனால் இது உங்கள் கேள்விக்கு நேரான உதாரணம் இல்லை என்று தெரியும். ஆனால் கிளின்ட் திரும்பிய பிறகு நடந்ததைப் பாருங்கள். அவர் சில காலம் ரோனின் என்ற வேறு பெயரில் திரிந்தார். பின்னர் ஹாக்ஐ பெயரை மீண்டும் ஏற்றபோதும் கேட்டிடமிருந்து யாரும் அதைப் பறிக்கவில்லை. 2012-இல் மேட் ஃப்ராக்‌ஷனும் டேவிட் அயாவும் தொடங்கிய ஹாக்ஐ தொடரில் இருவரும் ஒருவரையொருவர் ஹாக்ஐ என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தக் கேலியே தொடரின் இனிமை. பேச்சுக்கு அவள் சிஷ்யை. நடைமுறையில் வீட்டு வாடகையிலிருந்து காதல் விவகாரம் வரை கிளின்ட்டைக் கண்டிப்பவள் அவள்தான். பிரிண்ட் ரன், விற்பனைத் தந்திரம் எல்லாம் இருக்கட்டும். இருவரையும் ஒரே அறையில் வைத்துப் பேசவிட்டதுதான் அங்கே நடந்த நல்லது.

கிரீன் ஆரோ பக்கம் போக வேண்டாம். 2001-இல் அசல் கிரீன் ஆரோவான ஆலிவர் குவீன் திரும்பியதும், இடையில் அந்தப் பட்டத்தை ஏற்றிருந்த மகன் கானர் ஹாக் மெல்ல மெல்லக் காணாமல் போனார். 1941 முதல் துணைவீரனாகக் கூடவே இருந்த ராய் ஹார்ப்பருக்கோ அந்தப் பட்டம் வாய்க்கவே இல்லை.

திண்ணைவாசகன்:

என் பரதன் ஒப்பீட்டை செம்மின்னல் மறுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மரபுரிமைப் பட்டம் சிக்கலில்லாமல் நடக்கும் ஓர் இடம் உண்டு. ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் நாம் வாசித்த ஃபேண்டம். தந்தை இறந்தால் மகன் மண்டையோட்டின் மேல் உறுதிமொழி எடுத்து அதே முகமூடியை அணிவான். 1536-இல் தொடங்கிய பரம்பரையில் லீ ஃபாக் எழுதியது பெரும்பாலும் இருபத்தோராவது ஆளின் கதை. அங்கே முன்னோர் கல்லறையிலிருந்து எழுந்து வருவதில்லை. அதனால்தான் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு. இறந்தவரைத் திருப்பிக் கொண்டுவரும் பழக்கத்தையும் வாரிசு மரபையும் ஒரே தொடரில் வைத்துக்கொண்டால் இரண்டில் ஒன்று போலியாகத்தான் ஆகும்.

செம்மின்னல்:

அவ்வளவு தீர்மானமாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் 2016-க்குப் பிறகு டிசி செய்ததும் கணக்கில் வர வேண்டும். வால்லியை ஓரங்கட்டிய அதே ஜான்ஸ்தான் டிசி யுனிவர்ஸ்: ரீபர்த் தனி இதழில் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார். உலகத்தில் யாருக்கும் அவனை நினைவில்லை, மனைவி லிண்டாவுக்கே நினைவில்லை. வேக சக்திக்குள் கரைந்துபோகப் போகிறோம் என்று தெரிந்து, விடைபெறுவதற்காக மட்டும் பேரியின் முன் தோன்றி நன்றி சொல்கிறான். பேரிக்குச் சட்டென்று நினைவு வருகிறது; கையைப் பிடித்து வெளியே இழுக்கிறார். இம்முறை திரும்பி வருபவன் துணைவீரன், வரவேற்பவர் மூத்த நாயகன். 2009-இல் எழுதாமல் விட்ட பக்கத்தை அதே எழுத்தாளர் ஏழு ஆண்டுகள் கழித்து எழுதியதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஹீரோஸ் இன் கிரைசிஸ் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. மனச்சிகிச்சைக்கு வந்த இடத்தில் சக்தி கட்டுமீறி, சக வீரர்களின் சாவுக்குக் காரணமாகி, அதை மறைக்கவும் முயன்றவனாக வால்லியை டாம் கிங் எழுதினார். இறந்தவர்களில் ராய் ஹார்ப்பரும் ஒருவர். பட்டம் இழந்த வாரிசுக்கு வேறு கதை கிடைக்காதபோது அவனைக் குற்றவாளியாக்குவது எளிய வழி. ஜான்-பாலுக்கும் முன்பு அதைத்தான் செய்தார்கள்.

2021-இல் ஜெரமி ஆடம்ஸ் தொடரை ஏற்றார். முதல் கதையிலேயே வால்லி ஓய்வுபெற விரும்புகிறான். சக்தியே வேண்டாம் என்று பேரியிடம் உதவி கேட்கிறான். அந்த முயற்சி பிசகி அவன் காலத்தின் ஊடே வேறுவேறு வேகவீரர்களின் உடலுக்குள் போய் விழுகிறான், கடைசியில் தானே முடிவெடுத்து ஓட்டத்தைத் தொடர்கிறான். பேரி பன்மை உலகங்களின் காவல் பணிக்கு விலகிப்போகிறார். அதே ஆண்டின் ஆண்டிதழ் ஹீரோஸ் இன் கிரைசிஸ் பழியிலிருந்தும் அவனை விடுவித்தது. நான் முதல் பதிவில் கேட்ட காட்சி இதுதான். 12 ஆண்டுகள் தாமதமாக வந்தது.

கோத்தம்வாசி:

அப்படியானால் உங்கள் வழக்கு தீர்ந்தது. என் வழக்கு தீரவில்லை. இவ்வளவு நேரம் பேசியும் நம்மில் ஒருவரும் பார்ட் ஆலனை ஒரு வரிக்கு மேல் குறிப்பிடவில்லை.

2006-இல் வால்லி குடும்பத்தோடு மறைந்தபோது பட்டத்தை ஏற்றவன் பார்ட். பேரியின் பேரன், 1994-இல் இம்பல்ஸாக வந்து, கிட் ஃப்ளாஷாக உயர்ந்து, வயதும் கூடி, முழு ஃப்ளாஷாக ஒரு தொடரை நடத்தினான். பதின்மூன்றே இதழ்கள். சக்தியை இழந்து நின்ற நிலையில் ஃப்ளாஷின் எதிரிகளான ரோக்ஸ் கூட்டம் அவனை அடித்துக் கொன்றது. உடனே வால்லி திரும்பி வந்தார். அதாவது அந்தக் கதையில் திரும்பி வரும் நாயகன் வால்லிதான். இடத்தைக் காலிசெய்ய உயிரையே விட்ட வாரிசு பார்ட். 2009-இல் லீஜன் ஆஃப் த்ரீ வேர்ல்ட்ஸில் பார்டை உயிர்ப்பித்தார்கள், மறுபடி பதின்வயதுச் சிறுவனாக, மறுபடி கிட் ஃப்ளாஷ் உடையில். பட்டத்தோடு சேர்த்து வளர்ந்த வயதையும் பறித்துக்கொண்டது இந்த ஒருவனிடமிருந்துதான். அவன் ஃப்ளாஷாக இருந்த நாட்களைப் பற்றி வால்லியோ பேரியோ அவனிடம் உட்கார்ந்து பேசிய இதழ் எண் யாருக்காவது தெரிந்தால் இங்கே போடுங்கள். நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.